குட்டி நெருப்பு நிஜமாக எரிய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மட்டக்களப்பில் இருந்து சின்ன மாதிரிகள் செய்கிறேன். சேனைக் காவல் பரண், கொல்லன் பட்டறை, கிடுகு வேய்ந்த குசினி, வாவிக்கரை மீன் வாடி, இப்படி நம் பக்கத்துக் காட்சிகள்தான். பெரும்பாலும் 1:35 அளவு (நிஜத்தில் 35 சென்ரிமீற்றர் இருப்பது மாதிரியில் 1), சிலது 1:72. அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு மூலையில் நெருப்பு இருக்கும், பார்க்க வருகிறவர்களும் முதலில் அங்கேதான் குனிவார்கள். பாடசாலைக் கண்காட்சிக்குச் செய்யும் பிள்ளைகளும் வீட்டில் ஆசைக்குச் செய்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

அக்கா, எல்.ஈ.டி.யை மின்ன விட்டேன். நெருப்பு மாதிரி இல்லை, ஸ்டார்ட்டர் போன டியூப் லைட் மாதிரி இருக்கு. ஏன்?

வேகம்தான் காரணம். நீங்கள் செய்தது பெரிய விறகு நெருப்பு, ஆனால் மின்னுவது மெழுகுதிரியின் வேகத்தில்.

ஒரு நாள் இரவு முற்றத்தில் குப்பை கொளுத்தும்போது நின்று பாருங்கள். சின்னதாகப் பற்றும்போது படபடவென்று அடிக்கும். குவியல் முழுக்கப் பிடித்த பிறகு அந்தப் படபடப்பு போய்விடும், பெரிய மூச்சு விடுகிற மாதிரி எழும்பும், அடங்கும், திரும்ப எழும்பும். இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது, தட்டுகளில் எண்ணெய் ஊற்றி எரித்துப் பார்த்து ஆராய்ந்தவர்கள் கண்டது. எரியும் இடத்தின் விட்டத்தை மீற்றரில் எடுங்கள், அதன் வர்க்கமூலத்தால் 1.5ஐ வகுங்கள், அந்த நெருப்பு ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய எத்தனை தடவை எழும்பி அடங்கும் என்று வரும். 2 சென்ரிமீற்றர் நெருப்புக்கு 10 தடவைக்கு மேல். 25 சென்ரிமீற்றர் அடுப்புக்கு 3. ஒரு மீற்றர் அகல நெருப்புக்கு 1.5 தடவைதான். 4 மீற்றர் அகலத்தில் வைக்கோற் போர் எரிந்தால் ஒரு செக்கனுக்கு ஒன்றுகூட வராது, 0.75.

இதை யாரும் படித்து வைத்திருப்பதில்லை, ஆனால் சின்ன வயதிலிருந்து நெருப்பைப் பார்த்த கண்ணுக்கு இது தெரியும். வேகமாக மின்னினால் அது சின்ன நெருப்பு என்று கண் முடிவெடுத்துவிடும், பக்கத்தில் எவ்வளவு அழகான பரண் நின்றாலும் முழு மாதிரியும் பொம்மையாகச் சுருங்கிப் போகும்.

ஒன்றைக் கவனியுங்கள், கணக்கில் போட வேண்டியது நிஜ நெருப்பின் விட்டம். 1:35இல் ஒரு மீற்றர் நெருப்பு ஏறக்குறைய 29 மில்லிமீற்றர்தான் இருக்கும், அதைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் பழைய பிழைதான் திரும்ப வரும்.

அப்ப ஒரு துண்டு கற்பூரத்தையே உள்ளே கொளுத்தி வைத்தால்? அது நிஜ நெருப்புத்தானே?

வேண்டாம். ரெஜிபோமும் பிளாஸ்டிக்கும் எப்படிப் பற்றும் என்று சொல்லத் தேவையில்லை, அந்தப் புகையும் நெஞ்சுக்குக் கூடாது. அந்த ஆபத்தே இல்லையென்று வைத்தாலும் சரியாகத் தெரியாது. கற்பூரம் கற்பூரத்தின் வேகத்தில்தான் எரியும், சின்ன வீட்டுக்குள் வைத்தால் பெரிய நெருப்பின் வேகத்துக்கு அது மாறாது. சினிமாவில் சின்ன மாதிரிகளைக் கொளுத்திப் படம் எடுத்த காலத்தில் இதற்காகவே கமராவை வேகமாக ஓட்டி, பிறகு சாதாரண வேகத்தில் காட்டினார்கள். 1:25 மாதிரி என்றால் 25இன் வர்க்கமூலம் 5, ஆகவே செக்கனுக்கு 24 படம் எடுக்கிற இடத்தில் 120. நம் மேசையில் உள்ள மாதிரியை ஆட்கள் நேரில் பார்க்கிறார்கள், அங்கே நேரத்தை இழுக்க வழியில்லை. எல்.ஈ.டி.யில்தான் வேகம் நம் கையில் இருக்கிறது.

என்ன நிற எல்.ஈ.டி. வாங்குவது?

மூன்று நிறம் போதும்: சிவப்பு, மஞ்சள், இளமஞ்சள் வெள்ளை. கடையில் ‘வோர்ம் வைட்’ என்று கேளுங்கள். வெறும் வெள்ளை வேண்டாம், அதில் நீலம் கலந்திருக்கும், விறகு நெருப்புக்கு அது சேராது. சிவப்பு அடியில் தணலுக்கு, மஞ்சள் நடுவில், வெள்ளை ஒன்றே ஒன்று, சுவாலையின் அடிவயிற்றில். வெள்ளை மிஞ்சினால் வெல்டிங் மாதிரி ஆகிவிடும். ‘தமியா’ வர்ணத்தில் எக்ஸ் 26 ஊடுதெரியும் ஆரஞ்சு, அதை ஒரு பூச்சு மெல்லியதாக வெள்ளை எல்.ஈ.டி.க்குப் பூசினால் நிறம் நன்றாக இறங்கும். அது கிடைக்காவிட்டால் கண்ணாடியில் படம் வரைகிற வர்ணமும் சரி.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 5 மில்லிமீற்றர் எல்.ஈ.டி. 1:35 உலகத்தில் ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர் உருண்டை, கிட்டத்தட்ட ஒரு தேங்காய். 3 மில்லிமீற்றர் என்றாலும் 10 சென்ரிமீற்றர். ஆகவே எதை வாங்கினாலும் எல்.ஈ.டி. கண்ணில் படவே கூடாது. 1:72 செய்கிறவர்கள் 0603 என்ற ஒட்டு வகைக்குப் போவது நல்லது, அது 1.6க்கு 0.8 மில்லிமீற்றர்தான். அதற்கு வயர் பற்றவைக்க நல்ல வெளிச்சமும் பொறுமையும் வேண்டும்.

ரெசிஸ்டர் கட்டாயமா?

கட்டாயம், எல்.ஈ.டி. கருகாமல் கரண்டைக் கட்டுப்படுத்துவது அதுதான். 5 வோல்ட்டில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் 330 ஓம், வெள்ளைக்கு 220 ஓம். சிவப்பும் மஞ்சளும் 2 வோல்ட் அளவில் எரியும், வெள்ளைக்கு 3 வோல்ட் அளவு வேண்டும், அதனால்தான் இந்த வித்தியாசம். எல்லாவற்றிலும் ஏறக்குறைய 9 மில்லி அம்பியர் ஓடும், நெருப்புக்கு அது தாராளம். 330இன் கோடுகள் ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு.

புரோகிராம் எழுதத் தெரியாது. சுலபமாக வேறு வழி இல்லையா?

இருக்கிறது. பற்றரியில் எரிகிற பிளாஸ்டிக் மெழுகுதிரி கடைகளில் விற்கிறார்களே, அதைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு 2032 காசுப் பற்றரியும் மஞ்சள் எல்.ஈ.டி. ஒன்றும் இருக்கும். அந்த எல்.ஈ.டி.யை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு சின்னப் புள்ளிகள் தெரியும், ஒன்று வெளிச்சம் தருவது, மற்றது ஆட்டி வைக்கிற சிப்.

இதில் ஒரு நல்ல வித்தை இருக்கிறது. அந்த எல்.ஈ.டி.யோடு தொடராக ஒரு சாதாரண சிவப்பு எல்.ஈ.டி.யைப் போட்டு, 47 ஓம் ஒன்றும் சேர்த்து 5 வோல்ட் கொடுத்தால் சிவப்பும் சேர்ந்து ஆடும். மஞ்சளுக்குள் இருக்கிற சிப் கூட்டிக் குறைக்கிற கரண்ட்தானே சிவப்பு வழியாகவும் போகிறது.

ஆனால் அந்தச் சிப் மெழுகுதிரிக்கென்று செய்தது, வேகத்தை மாற்ற முடியாது. குப்பி விளக்கு, கோயில் தீபம், விளக்கீட்டுக்கு வாசலில் வைக்கிற சிட்டி, இவற்றுக்கு அருமையாக இருக்கும். பரணுக்குக் கீழே எரிகிற கட்டை நெருப்புக்கு அதைப் போடாதீர்கள்.

ஆர்டுயினோ இருக்கிறது. ரேண்டம் எண்ணை நேரே எல்.ஈ.டி.க்குக் கொடுத்தேன், அப்படியும் சரிவரவில்லை. எப்படி எழுத வேண்டும்?

தெரியாதவர்களுக்கு: ஆர்டுயினோ என்பது புரோகிராம் எழுதி எல்.ஈ.டி.யை ஆட்டக்கூடிய சின்னப் பலகை, ரேண்டம் என்பது அது ஒழுங்கில்லாமல் எடுத்துத் தருகிற எண். வெளிச்சத்துக்கு 0 என்றால் அணைவு, 255 என்றால் முழு வெளிச்சம். ரேண்டம் மட்டும் போதாது. 200, அடுத்தது 90, அடுத்தது 240 என்று குதித்தால் அது நெருப்பு இல்லை. நெருப்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் குதிக்காது, போகும்.

நான் செய்வது இப்படி. ஒவ்வொரு எல்.ஈ.டி.க்கும் இரண்டு எண், இப்போது இருக்கிற வெளிச்சம் ஒன்று, போக வேண்டிய வெளிச்சம் ஒன்று. 20 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை, இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தில் எட்டில் ஒரு பங்கு நகர்த்துங்கள். அவ்வளவுதான், வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும். குறித்த நேரம் வந்ததும் புதிய இலக்கு ஒன்றை ரேண்டமாக எடுங்கள், 140க்கும் 255க்கும் இடையில். பத்துக்கு ஒரு தடவை மட்டும் 60 வரை விழ விடுங்கள், ஒரு சுவாலை அறுந்து மேலே போகிற நேரம் அது.

அந்தக் ‘குறித்த நேரம்’தான் முதல் கேள்வியில் சொன்ன கணக்கு. ஒரு மீற்றர் நெருப்புக்கு 1.5 தடவை என்றால் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 670 மில்லி செக்கன் வரும், அதை 450க்கும் 900க்கும் இடையில் ரேண்டமாக வையுங்கள், ஒரே தாளத்தில் வந்தால் கண் பிடித்துவிடும். அடுப்புக்கு 330ஐச் சுற்றி, குப்பி விளக்குக்கு 100ஐச் சுற்றி. பெரிய நெருப்புக்கு எட்டில் ஒரு பங்கைப் பதினாறில் ஒரு பங்காக்குங்கள், சின்னதுக்கு நாலில் ஒன்று.

அடுத்தது, நம் கண்ணுக்கு 128 என்பது 255இன் பாதி வெளிச்சமாகத் தெரிவதில்லை, அதைவிட நிறைய வெளிச்சமாகத் தெரியும். ஆகவே வருகிற எண்ணை அதே எண்ணால் பெருக்கி 255ஆல் வகுத்துவிட்டு எல்.ஈ.டி.க்குக் கொடுங்கள். ஏற்ற இறக்கம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். இதில் எல்லாரும் மாட்டுகிற இடம் ஒன்று: ஊனோ, நேனோ என்ற ஆர்டுயினோ பலகைகளில் சாதாரண ‘இன்ட்’ என்ற எண் வகை 32,767 வரைதான் தாங்கும், 255ஐ 255ஆல் பெருக்கினால் 65,025. எண் நிரம்பி வழிந்து எல்.ஈ.டி. கண்டபடி அடிக்கும், வயர் பிழையாக்கும் என்று மணிக்கணக்கில் தேடுவீர்கள். ‘லோங்’ என்று எழுதுங்கள், போதும்.

அப்புறம் காற்று. மூன்று எல்.ஈ.டி.யும் தன் தன் பாட்டில் ஆடினால் மட்டும் காணாது, சில நேரம் எல்லாம் சேர்ந்தும் ஆட வேண்டும். கச்சான் காற்று ஒரு வீச்சு வந்தால் முழு நெருப்பும் ஒருதரம் படுத்து எழும்புமே, அதுதான். இதற்குப் பொதுவாக இன்னொரு எண் வைத்து, சில செக்கனுக்கு ஒரு தடவை மூன்றிலும் ஒரு பங்கைக் குறைத்துத் திரும்ப ஏற்றிவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்த பிறகுதான் என்னுடைய பரண் மாதிரியில் நெருப்பு வெட்டவெளியில் எரிகிற மாதிரி இருந்தது.

எல்.ஈ.டி. கொழுவ வேண்டிய கால்கள் 3, 5, 6, 9, 10, 11, மற்றக் கால்களில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. எதுவும் கொழுவாத ஏ0 காலை வாசித்து ரேண்டம் தொடங்குகிற எண்ணாக (விதையாக) கொடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை போடும்போதும் ஒரே ஆட்டம்தான் ஆடும். இடம் போதாதவர்கள் ஏ.டி.டைனி 85 சிப்பைப் பார்க்கலாம், எட்டே கால்கள்தான், பரணின் அடித்தட்டுக்குள் மறைத்துவிடலாம்.

எல்லாம் சரியாக எரிகிறது. ஆனாலும் ஏதோ ஒரு உயிர் இல்லை. என்ன குறை?

நிழல். இதை யாரும் நினைப்பதில்லை, எனக்கோ நெருப்பை விட இதுதான் பிடித்த வேலை.

அம்மம்மாவின் பழைய குசினியில் இரவில் அடுப்பு எரியும்போது நான் பார்த்துக்கொண்டிருப்பது அடுப்பை அல்ல. சுவரில் சட்டியின் நிழல் நிற்கும், அது கூடிக் குறைவது மட்டுமில்லை, இடமும் வலமுமாக அசையும், கிடுகுக்கூரையின் உட்பக்கத்தில் ஒவ்வொரு ஓலைக் கீற்றின் நிழலும் ஒரு விரற்கடை நகர்ந்து திரும்பும். ஏனென்றால் சுவாலை ஒரே இடத்தில் நிற்பதில்லை, வெளிச்சம் வருகிற இடமே மாறிக்கொண்டிருக்கிறது.

எல்.ஈ.டி. ஆடாது, நின்ற இடத்தில்தான் எரியும். ஆனால் மூன்றைத் தள்ளித் தள்ளி வைத்தால், ஒன்று குறைந்து மற்றது கூடும்போது நிழல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகரும். 1:35 அடுப்பில் 5 மில்லிமீற்றர் இடைவெளி போதும், ஒன்று இடது, ஒன்று வலது, ஒன்று பின்னால் சற்று உயரத்தில். நெருப்புக்குப் பக்கத்தில் நிழல் விழக்கூடிய சாமான் ஏதாவது வையுங்கள்: சாய்த்து வைத்த விறகு, தொங்குகிற உறி, குந்தியிருக்கிற ஆள். அந்த ஆளின் நிழல் பின்சுவரில் அசைகிறதைப் பார்த்தவர்கள் ஆளே அசைகிறார் என்று சொல்வார்கள்.

இதற்கு முதல் சுவர்களின் உட்பக்கத்துக்குக் கறுப்புப் பூசி, அதற்கு மேல் உங்கள் நிறத்தைப் பூச வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் சுவர் வெளிச்சத்தில் வெளிச்சக்கூடு மாதிரி ஒளிரும், வீடு காணாமல் போய்விடும். நெருப்பைச் சுற்றி ஆரஞ்சு வர்ணம் அடித்து வைக்கிற பழக்கமும் சிலருக்கு இருக்கிறது. வெளிச்சம் போடாத மாதிரிக்கு அது சரி. நிஜ வெளிச்சம் இருக்கும்போது அந்த வேலையை வெளிச்சமே செய்யும், நீங்கள் சாம்பல் வெள்ளையும் கரியும் மட்டும் பூசுங்கள்.

தீமிதிப்புக் குழி செய்கிறோம். அதில் எப்படி மின்ன வைப்பது?

மின்ன வைக்கவே வேண்டாம். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்தர்கள் இறங்கும் நேரம் குழியில் சுவாலை இல்லை, தணல்தான். தணல் படபடக்காது. மெல்லக் கனியும், ஒரு பக்கம் சாம்பல் பூத்து மங்கும்போது இன்னொரு பக்கம் காற்றுப்பட்டுச் சிவக்கும்.

சிவப்பும் ஆரஞ்சுமாக ஆறு எல்.ஈ.டி. குழியின் நீளத்துக்குப் பரப்பி வையுங்கள், ஒவ்வொன்றும் 3 முதல் 6 செக்கன் எடுத்து ஏறி இறங்கட்டும், பாதிக்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது. மேலே ஊடுதெரியும் பிளாஸ்டிக் துண்டு ஒன்று, அதன் மேல் சூட்டுப் பசையை ஒரு படை, அது இறுகுமுன் நொறுக்கிய நிஜக் கரியைத் தூவுங்கள். கரித் துண்டுகளுக்கு இடையில் வெளிச்சம் கசியும். தூவின பிறகு சிகரெட் சாம்பல் நிறத்தை உலர்ந்த தூரிகையில் மேலாகத் தொட்டுத் தொட்டு எடுங்கள். கரியை அடர்த்தியாகப் போட்டு வெளிச்சத்தை அடைத்துவிடுகிறார்கள், அதற்குப் பயந்து ஐதாகப் போட்டால் அடியில் பிளாஸ்டிக் தெரியும், ஆகவே எல்.ஈ.டி.யை எரிய விட்டுக்கொண்டே தூவுங்கள்.

கொல்லன் பட்டறைக்கு?

நான் ஒரு பின்னேரம் முழுக்க ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் செய்தேன். அங்கே எரிவது சிரட்டைக்கரி, விறகு மாதிரிச் சுவாலை விடாது. பட்டறைக்கார மாமா துருத்தியை அமத்தும்போது கரிக்குவியலின் நடு மட்டும் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு, ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கு ஏறும், நாலைந்து பொறி தெறிக்கும், விட்டதும் அதே வழியில் இறங்கும், ஆனால் ஏறினதை விட மெதுவாக. ஓரத்துக் கரி எப்போதும் மங்கின சிவப்புத்தான், அதற்குத் துருத்தி ஊதினாலும் ஒன்றுதான் ஊதாவிட்டாலும் ஒன்றுதான். மண்வெட்டித் தகட்டை இடுக்கியால் வெளியே எடுத்த நேரம் அவருடைய தாடையின் கீழ்ப்பக்கமும் கைமுட்டியும் மட்டும் ஒரு கணம் மஞ்சளாகத் தெரிந்தன, முகம் இருட்டில் இருந்தது.

ஆகவே பட்டறைக்கு ரேண்டமே தேவையில்லை, துருத்தியின் தாளம்தான் தேவை. நடு எல்.ஈ.டி. ஒரு செக்கனில் ஏறட்டும், இரண்டு செக்கனில் இறங்கட்டும். ஐந்தாறு தடவை ஊதின பிறகு பத்துச் செக்கன் நிறுத்துங்கள், அது இரும்பை அடிக்கிற நேரம். ஓரத்துச் சிவப்பு அப்படியே எரியட்டும்.

இரும்பின் நிறத்தையும் கவனித்துப் பூசுங்கள். ஏறக்குறைய 700, 800 பாகை செல்சியஸில் சிவப்பு, 1000 அளவில் ஆரஞ்சு, 1200க்குக் கிட்டப் போனால் மஞ்சள். அடிப்பதற்காக எடுத்த இரும்பு நுனியில் ஆரஞ்சும், பிடிக்கிற பக்கம் போகப் போகச் சிவந்து கறுத்தும் இருக்க வேண்டும். முழுத் துண்டுக்கும் ஒரே சிவப்புப் பூசினால் அது வர்ணம் பூசின இரும்பு.

பொறிக்கு 0.25 மில்லிமீற்றர் ஒளியிழை நன்றாக இருக்கும். விளையாட்டு விளக்குகளில் மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். நாலைந்து இழையைக் கரிக்கு மேல் சற்று வளைத்து நிறுத்தி, அடியில் ஒரு எல்.ஈ.டி.யை ஊதுகிற நேரம் மட்டும் வெட்டி வெட்டி எரிய விடுங்கள்.

சுவாலையை எதில் செய்வது?

முடிந்தால் செய்யாதீர்கள். நெருப்பை ஒரு சுவருக்கோ ஆளுக்கோ பின்னால் மறைத்து வெளிச்சத்தை மட்டும் காட்டுவது எப்போதும் அழகு. அசையாத சுவாலையை நேராகக் காட்டினால், எவ்வளவு நன்றாகச் செய்தாலும், இரண்டாவது பார்வையில் பிடிபட்டுவிடும்.

காட்டத்தான் வேண்டும் என்றால் சூட்டுப் பசை. எண்ணெய்க் கடதாசியில் ஒரு பொட்டு வைத்து, ஆறுமுன் ஈர்க்குச்சியால் தொட்டு மேலே இழுத்தால் நாக்கு மாதிரி வரும். பத்துப் பதினைந்து இழுத்து, மெல்லியதாக வந்தவற்றை மட்டும் எடுங்கள். நிறத்தில் ஒரு பிழையைப் பலர் விடுகிறார்கள், நுனியை மஞ்சளாக்கி அடியைச் சிவப்பாக்குகிறார்கள். விறகு நெருப்பில் பிரகாசமான மஞ்சள் கீழ்ப்பக்கம்தான், மேலே போகப் போக ஆரஞ்சாகி, நுனி சிவந்து புகையில் முடியும். அடியில் கிடக்கிற சிவப்பு தணலுடையது, சுவாலையுடையது அல்ல.

புகைக்குத் தண்ணீர் ஆவி விடுகிற கருவி போடலாமா?

பார்க்க நன்றாக இருக்கும், எனக்கு விருப்பமில்லை. அது விடுவது ஈரம். கடதாசிச் சுவரும் கிடுகும் ஒரே கிழமையில் ஊதிப்போகும், நம் ஊர் மாரிகாலத்தில் சும்மா வைத்தாலே பூஞ்சணம் பிடிக்கிறது. பஞ்சு போதும். பிய்த்து மெல்லியதாக இழுத்து, ஈர விறகுக்கும் வைக்கோலுக்கும் வெள்ளைச் சாம்பல் நிறம், எண்ணெய், டயர் எரிந்தால் கறுப்பு. அடிப்பக்கத்தை அடர்த்தியில்லாமல் விட்டு அதற்குள் ஒரு ஆரஞ்சு எல்.ஈ.டி.யை மறைத்தால் புகை கீழிருந்து வெளிச்சம் வாங்கும். ரெசிஸ்டர் போட்ட எல்.ஈ.டி. பஞ்சைச் சுடாது, பயப்பட வேண்டாம்.

பெற்றோல்மாக்ஸ் விளக்கு?

அது ஆடாது. நல்ல வெள்ளையாக அப்படியே எரியும். தோணியிலும் வாடியிலும் பெற்றோல்மாக்ஸ் வைத்தால் வெள்ளை எல்.ஈ.டி.யை ரெசிஸ்டரோடு மின்னாமல் எரிகிற மாதிரிக் கொழுவுங்கள், பக்கத்தில் ஒரு விறகடுப்பு ஆடிக்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று எடுத்துக் காட்டும்.

பவர் பாங்கில் கொழுவினேன், கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. ஆர்டுயினோ பழுதா?

பழுதில்லை. பவர் பாங்க் பெரும்பாலும் ஃபோனுக்கென்று செய்தவை, குறைந்த கரண்ட் போனால் ஃபோன் நிரம்பிவிட்டது என்று நினைத்து நிறுத்திக்கொள்ளும். நமது மூன்று எல்.ஈ.டி.யும் நேனோவும் சேர்ந்து 50 மில்லி அம்பியர் அளவில்தான் எடுக்கும். எனக்கும் ஒரு கண்காட்சியில் இது நடந்தது, பரணைச் சுற்றிப் பிள்ளைகள் கூடி நின்ற நேரம் நெருப்பு அணைந்தது, ஏன் என்று தெரியாமல் தவித்துப்போனேன். இப்போது மூன்று பென் பற்றரிதான் போடுகிறேன், 4.5 வோல்ட், நேனோவின் 5 வோல்ட் காலில் நேரே கொடுக்கலாம். நல்ல அல்கலைன் என்றால் 30 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வரும். நாள் முழுக்க எரிய வேண்டிய இடத்தில் ஃபோன் சார்ஜரே நல்லது.

காட்சி முடிந்ததும் பற்றரியைக் கழற்றி வையுங்கள். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று, பற்றரிக் கூட்டின் தகடு பச்சை பூத்துவிடும். பழைய ஃபோன், லப்டொப் லித்தியம் பற்றரிகளைப் பிரித்து எடுத்துப் போடுகிற வேலையைப் பிள்ளைகள் செய்யவே வேண்டாம், இந்த முழு வேலையிலும் தீப்பற்றுகிற ஆபத்து கூடியது அதுதான்.

ஃபோனில் வீடியோ எடுத்தால் கோடு கோடாக ஓடுகிறது, நெருப்பும் வெள்ளையாக விழுகிறது.

இரண்டும் வேறு வேறு. ஆர்டுயினோ எல்.ஈ.டி.யைச் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைத்து எரித்துத்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது, கண்ணுக்குத் தெரியாதது கமராவுக்குத் தெரிகிறது. ‘புரோ’ முறைக்குப் போய் ஷட்டரை 1/50இல் வையுங்கள், கோடு பெரும்பாலும் போய்விடும். நெருப்பு வெள்ளையாவது ஃபோன் தானாக நிறத்தைச் சரிசெய்வதால், அதைப் பகல்வெளிச்ச அளவில் பூட்டிவிடுங்கள். வெளிச்ச அளவையும் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் நெருப்பு அடங்கும்போதெல்லாம் ஃபோன் படத்தைக் கூட்டிக்கொடுத்து நீங்கள் கஷ்டப்பட்டுச் செய்த ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கிவிடும்.

அக்கா, கண்காட்சிக்கு இன்னும் 2 நாள்தான் இருக்கு. பரண் முடிந்தது, நெருப்பு ஒன்றும் செய்யவில்லை. என்ன செய்யலாம்?

சரி, பதற வேண்டாம். இன்றைக்கு ஒரு மஞ்சள், இரண்டு சிவப்பு எல்.ஈ.டி., நேனோ, மூன்று 330 ஓம். சுவாலை, புகை, பொறி எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். சுள்ளியில் ஏழெட்டுத் துண்டு வெட்டி, ஒரு முனையைக் கரியாக்கி, கரிந்த முனைகள் நடுவில் சந்திக்கிற மாதிரி வட்டமாக அடுக்குங்கள், யானைக் காவலில் கட்டைகளை எரிய எரிய உள்ளே தள்ளுவார்களே, அப்படி. நடுவில் ஒரு சதம் அளவு ஓட்டை, அதற்குக் கீழே மூன்று எல்.ஈ.டி., மேலே பசையும் கரியும். வேகம் 450 முதல் 900 மில்லி செக்கன். நாளைக்கு ஒரு ஆளை நெருப்புக்கும் பரணின் ஏணிக்கும் இடையில் குந்த வையுங்கள், நிழல் ஏணியில் ஏறி இறங்கும். மண்டபத்தில் லைட் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும், ஆகவே ஒரு பெரிய காட்போட் பெட்டியின் உட்பக்கத்துக்குக் கறுப்படித்து, முன்பக்கத்தை மட்டும் வெட்டி, அதற்குள் பரணை வைத்துக் காட்டுங்கள்.